பெயர் ஊரில், ஆள் ஹாஸ்டலில்: தர்மபுரிக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் வாக்காளர்களான கதை (நிகழ்வு ஆய்வு)

தேர்தல் முடிந்த மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தால் வாக்குப்பதிவுப் பட்டியலில் பெரும்பாலும் தர்மபுரி உச்சியில் இருக்கும், சென்னை அடியில் கிடக்கும். 2024 ஏப்ரல் 19-ல் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்கப் பதிவானது 69.72 விழுக்காடு. தர்மபுரித் தொகுதி 81-ஐத் தாண்டி மாநிலத்தில் முதலாவதாக வந்தது. மத்திய சென்னை 54-ஐக்கூடத் தொடவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலிலும் இதே கதைதான். பாலக்கோடு தொகுதியில் 87 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டு விழுந்தது. பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்குக் கழுதை முதுகில் வாக்குப்பதிவு இயந்திரம் ஏறிப்போகிற செய்தியைத் தேர்தலுக்குத் தேர்தல் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஓட்டுப் போடுவதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பு 2023 அக்டோபரில் ஒரு மதிய வகுப்பில் உடைந்தது. நான் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரியின் வாக்காளர் எழுத்தறிவு மன்றத்துக்கு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் பாடம் முடிந்து பத்து நிமிடம் மீதி இருந்தது. “யாருக்கெல்லாம் ஓட்டர் ஐடி இருக்கு?” என்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர்கூடக் கை தூக்கவில்லை. எல்லாரும் பதினெட்டு முடிந்தவர்கள், அல்லது இரண்டொரு மாதத்தில் முடிக்கப்போகிறவர்கள். “ஏன் எடுக்கல?” என்று கேட்டதும் முதல் வரிசையில் ஒரு பையன் சொன்னான்: “ஊர்ல குடுப்பாங்க சார். நாங்க இங்க இருக்கோமே.”

அந்த வாரம் முழுக்க அவன் சொன்னதை நினைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த எட்டு மாதம் நாங்கள் செய்தது, செய்து தோற்றது, கொஞ்சம் தேறியது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். மாணவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

கோலமும் உறுதிமொழியும்

அதற்கு முன்னால் நாங்கள் ஒன்றுமே செய்யாமல் இல்லை. ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். 1950-ல் தேர்தல் ஆணையம் தொடங்கிய நாள் அது. 2011-லிருந்து வாக்காளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் கல்லூரியிலும் 2023 ஜனவரியில் கொண்டாடினோம். வாசலில் பெரிய கோலம், கையில் அட்டையோடு பேரணி, வரிசையில் நின்று உறுதிமொழி, ஒரு பேச்சுப் போட்டி. படமெடுத்து அறிக்கை அனுப்பினோம்.

அக்டோபரில் கை தூக்காத பிள்ளைகளில் பலர் அந்த உறுதிமொழியைச் சத்தமாகச் சொன்னவர்கள். கோலம் போட்ட பெண்ணே என்னிடம் வந்து, “எனக்குக் கார்டு இல்லீங்க சார், எப்படி எடுக்கணும்?” என்று கேட்டாள். அவளைக் கோலம் போடச் சொன்னவன் நான். படிவத்தை நிரப்பச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று பேசுவது சுலபம். எங்கள் மாவட்டப் பிள்ளைகளைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது அநியாயம். டீக்கடையிலும் பஸ்ஸிலும் அவர்கள் பேசுகிற அரசியலை ஒரு முறை காதுகொடுத்துக் கேட்டால் போதும். எங்கள் வகுப்பில் சிக்கல் ஆர்வத்தில் இல்லை, முகவரியில் இருந்தது. பெயர் சேர வேண்டிய இடம் ஒன்று, ஆள் இருக்கும் இடம் வேறு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேர டவுன் பஸ், பூட்டிய வீடு, ஒத்துப்போகாத பிறந்த தேதி, திங்கட்கிழமை இன்டர்னல் தேர்வு.

ஏன் பெயர் இல்லை

அந்த வாரமே ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தோம். மூன்றே கேள்விகள். சொந்த ஊர் எது, இப்போது எங்கே தங்கியிருக்கிறாய், பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஏன். மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்களை மேசையில் பரப்பிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

அரூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்: “அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. வீடு பூட்டியிருக்கும். பி.எல்.ஓ. வந்தால் ஆள் இருக்காது.” பி.எல்.ஓ. என்பவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர். பெரும்பாலும் ஊர்ப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். படிவம் கொடுத்தால் வீடு தேடி வந்து சரிபார்ப்பவர் அவர்தான். அந்த நேரத்தில் கதவில் பூட்டுத் தொங்கினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பிழைப்புக்குப் பெங்களூரும் திருப்பூரும் போகிற குடும்பங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம்.

இன்னொரு மாணவியின் பதில் ஒரே வரி: “ஆதாரில் ஒரு தேதி, மார்க் ஷீட்டில் ஒரு தேதி.” தளிப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தாய்மொழி தெலுங்கு அல்லது கன்னடம். அவர்கள் பெயரைத் தமிழில் ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருந்தார்கள்.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது முதுகலை படிக்கிற ஒரு பெண்ணின் தாள். கல்யாணமாகி ஒன்றரை ஆண்டு. பிறந்த ஊர் அரூர்ப் பக்கம், புகுந்த வீடு காவேரிப்பட்டினம் பக்கம். கல்யாணம் ஆனதும் பிறந்த ஊர்ப் பட்டியலில் “இடம்பெயர்ந்தார்” என்று பெயரை எடுத்துவிட்டார்கள். புகுந்த ஊரில் யாரும் சேர்க்கவில்லை. பெயர் இருக்கும்போதே படிவம் 8 கொடுத்திருந்தால் ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருக்கலாம். நீக்கியாகிவிட்டது, இனிப் படிவம் 6-ல் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். “ஒரு தடவை ஓட்டுப் போட்டிருக்கேன் சார், இப்ப நான் எந்த ஊர்லயும் இல்ல” என்று அவள் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போயிற்று.

ஹாஸ்டல் வராண்டா

பெரும்பாலான மாணவர்களுக்கும், உண்மையைச் சொன்னால் எங்கள் ஆசிரியர்களில் பலருக்கும் தெரியாத விதி ஒன்று இருந்தது. வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர் சொந்த ஊரில் பெற்றோர் முகவரியில் பெயர் சேர்க்கலாம். வேண்டுமானால் தங்கியிருக்கும் விடுதி முகவரியிலும் சேர்க்கலாம். விடுதி என்றால், அங்கீகாரம் பெற்ற, ஓராண்டுக்குக் குறையாத படிப்பில் இருக்க வேண்டும். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட போனஃபைட் சான்றைப் படிவம் 6-உடன் இணைக்க வேண்டும். இரண்டில் ஏதாவது ஒன்றுதான். இரண்டு இடத்தில் பெயர் இருக்க மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950 இடம் தரவில்லை. தெரிந்தே பொய் உறுதி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை, ஆண்கள் விடுதி வராண்டாவில் இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தோம். 2024 ஜனவரி 1-ஐத் தகுதி நாளாகக் கொண்ட வரைவுப் பட்டியல் அக்டோபர் 27-ல் வெளியாகியிருந்தது. பெயர் சேர்க்க டிசம்பர் 9 வரை நேரம். சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை ஆணியில் மாட்டி அதன் முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தான் ஒரு மாணவன். இன்னொருவன் செல்போனில் ஓட்டர் ஹெல்ப்லைன் செயலியைத் திறந்து ஒவ்வொருவருக்காகப் பதிந்தான். சிக்னலுக்காக மாடிப்படிக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பதியும்போது வரும் ஓ.டி.பி. பாதிப் பேருக்கு அப்பாவின் போனுக்குப் போயிற்று. “அப்போவ், ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு” என்று வராண்டா முழுக்க ஒரே குரல். பெங்களூரில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்த ஒரு அப்பா, பேங்கில் இருந்து ஏமாற்றுகிறார்கள் என்று பயந்து எண்ணைச் சொல்லவே மாட்டேன் என்றார். மகன்தான் பேசுகிறான் என்று நம்ப வைக்கக் கால்மணி நேரம் ஆனது.

ஊரா, விடுதியா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டோம். விடுதியில் சேர்த்தால் எங்களுக்கு வேலை சுலபம். ஒரே வாக்குச்சாவடி, ஒரே அலுவலர். ஆனால் பத்தில் எட்டுப் பேராவது ஊர் என்றுதான் சொன்னார்கள். “மூணு வருஷத்துல போயிருவோம் சார், இந்த வார்டுக்கு யார் வந்தா எனக்கென்ன” என்றான் ஒருவன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊர் ஓட்டு என்பது தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை, நூறு நாள் வேலை எல்லாவற்றோடும் கட்டிப் போட்டிருக்கிற ஓட்டு. தூரத்தில் இருந்து வந்த சிலரும், ஊரில் வீடே இல்லாத சிலரும் மட்டும் விடுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் எங்கள் சௌகரியத்தைப் பார்க்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

திரும்பி வந்த கட்டு

பெண்கள் விடுதியில் காகிதப் படிவமாகவே நிரப்பி வாங்கியிருந்தோம். எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய்த் தர்மபுரியில் தேர்தல் அலுவலகத்தில் கொடுத்தேன். பெருமையாகத்தான் போனேன். மேசையில் இருந்தவர் கட்டைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். தனி ஒருவரோ ஒரு நிறுவனமோ மொத்தமாகக் கொண்டுவரும் விண்ணப்பங்களை வாங்கக் கூடாது என்பது விதி. அவர் செய்தது சரி. யாரோ ஒருவர் நூறு பேருக்குப் போலியாகப் பெயர் சேர்ப்பதைத் தடுக்கத்தான் அந்த விதி. அதுபோக, கட்டில் இருந்தவை ஐந்தாறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் போக வேண்டியவை. பாப்பிரெட்டிப்பட்டிப் படிவத்தைத் தர்மபுரியில் கொடுத்து என்ன பயன்? ஊத்தங்கரைப் படிவம் மாவட்டமே வேறு. தர்மபுரியிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது பாடமாகத் தெரியும், படிவத்தில் மறந்துவிட்டேன்.

கட்டைப் பிரித்து அவரவரிடமே திருப்பிக் கொடுத்தோம். நவம்பரில் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிகளில் சிறப்பு முகாம் நடந்தது. விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போகிற நாளும் அதுதான். “வீட்டுக்குப் போற வழியில உன் பூத்துப் பள்ளிக்கூடத்துல நுழைஞ்சு நீயே குடு” என்று சொல்லி அனுப்பினோம். திங்கட்கிழமை வந்து என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது யோசித்தால் அந்தக் கட்டு திரும்பி வந்தது நல்லதற்கே. பென்னாகரத்தான் என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடுகிற மாணவன் அந்த ஞாயிறு தன் பள்ளிக்கூடத்துக்கே போய், ஐந்தாம் வகுப்பில் தனக்குப் பாடம் எடுத்த டீச்சரே பி.எல்.ஓ.வாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். “நீயாடா? உனக்குப் பதினெட்டு ஆயிடுச்சா?” என்று அவர் படிவத்தை வாங்கி, வரைவுப் பட்டியலில் அவன் தெருவைக் காட்டி, யார் யார் பெயர் இன்னும் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறார். இவன் போய்த் தெருவில் இரண்டு அக்காக்களை அழைத்து வந்திருக்கிறான். நான் கட்டாகக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

ஒத்துப்போகாத தேதிகளை மட்டும் விடாமல் துரத்த வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் வயதுக்கு ஆதாரம் என்பதால் அதை முன்வைத்தோம். சிலருக்கு ஆதாரைத் திருத்தவே அலைய வேண்டியதாயிற்று. அதில் டிசம்பர் 9 தாண்டிப் போனவர்கள் உண்டு. அதன்பிறகும் பெயர் சேர்க்கலாம், தொடர் திருத்தம் என்று நடந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் முகாமில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற காரியம் அப்புறம் மூன்று நடையாகிவிடுகிறது.

பதினெட்டு ஆனால் மட்டும் போதாது

இந்த இடத்தில் எங்களுக்கே ஒரு பாடம். 1989 மார்ச் 28-லிருந்து இந்தியாவில் வாக்களிக்கும் வயது 18. அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தம் 21-ஐ 18 ஆக்கியது. இதை எல்லாரும் சொல்வோம். ஆனால் ஓட்டுப் போடுகிற நாளில் பதினெட்டு முடிந்திருந்தால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தகுதி நாள் என்று ஒன்று இருக்கிறது. முன்பு ஆண்டுக்கு ஒரே நாள், ஜனவரி 1. 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு நாட்கள். பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் கொடுத்து வைக்கலாம், அவர்களுக்குரிய தகுதி நாள் வந்ததும் பெயர் ஏறும்.

எங்கள் முதலாண்டு மாணவன் ஒருவன் 2006 பிப்ரவரியில் பிறந்தவன். ஏப்ரல் 19-ல் அவனுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். ஆனால் அவனுக்குரிய தகுதி நாள் ஏப்ரல் 1. தமிழ்நாட்டில் வேட்புமனுத் தாக்கல் மார்ச் 27-ல் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. அவன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தும் ஓட்டுப் போட முடியவில்லை. நாங்கள் அதை முன்னாடியே சொல்லவும் இல்லை. வாக்குப்பதிவு அன்று காலையில் பூத்துக்குப் போய் நின்று திரும்பியிருக்கிறான். அவனிடம் பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன்.

“எங்க வீட்ல நாலு ஓட்டு”

2024 ஜனவரி 22-ல் இறுதிப் பட்டியல் வந்தது. அதில் பெயர்களைத் தேடிப் பார்த்துப் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒவ்வொருவரும் போனில் குறித்து வைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தோம். மார்ச் 16-ல் தேர்தல் அறிவிப்பு வந்த அடுத்த வாரம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து நேராகவே கேட்டான்: “சார், காசு வாங்கினா தப்பா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சட்டத்தைச் சொன்னேன். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை. 2019-ல் பணப் பட்டுவாடாவால் வேலூர் மக்களவைத் தேர்தலையே தள்ளிவைத்து ஆகஸ்டில் நடத்தியதைச் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள், முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்போது பின் வரிசையில் இருந்து ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்:

“எங்க வீட்ல நாலு ஓட்டுன்னு நோட்டுல எழுதிட்டுப் போவாங்க சார். இந்தத் தடவை அஞ்சுன்னு எழுதுவாங்க. அந்த அஞ்சாவது நான்தான். ஆனா என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல.”

அன்றைக்கு அதற்கு மேல் நான் பேசவில்லை, அவர்களையே பேசவிட்டேன். இங்கே ஓட்டு வீட்டுக்கணக்கு. அப்பா யாருக்கோ, சாதிச் சங்கம் யாருக்கோ, வீடே அவருக்கு. அப்பாவிடம் எதிர்த்துப் பேச முடியாது, பேசவும் அந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லை. “உள்ளே போய் பட்டனை அழுத்தினா அது யாருக்குன்னு அப்பாவுக்குத் தெரியுமா?” என்பதுதான் அவளுடைய உண்மையான கேள்வி. பெண்கள் பலர் அதைத்தான் கேட்க நினைத்திருந்தார்கள் என்பது அடுத்த பத்து நிமிடத்தில் தெரிந்தது.

மறுநாள் மாதிரி வாக்குப்பதிவு இயந்திரத்தை வைத்துக் காட்டியபோது அதையே முதலில் விளக்கினோம். மூன்று பக்கமும் அட்டை மறைப்பு. பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு வினாடி தெரியும், அப்புறம் துண்டாகி உள்ளே விழுந்துவிடும். கையில் எதுவும் தரமாட்டார்கள். விரல் மையைப் பார்த்தால் ஓட்டுப் போட்டாய் என்று மட்டும் தெரியும், யாருக்கு என்று தெரியாது. நோட்டாவையும் சேர்த்து வேட்பாளர் வரிசை பதினாறைத் தாண்டினால் இரண்டாவது பொத்தான் பலகை வரும். அந்தத் தேர்தலில் தர்மபுரியில் அப்படித்தான் இரண்டு வைத்தார்கள். நோட்டா கடைசியில் இருக்கும், 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்தது. இதையெல்லாம் ஒரு முறை கையால் அழுத்திப் பார்த்தபின் அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. யாருக்குப் போட வேண்டும் என்று நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

வகுப்பு ரெப்

இடையில் பிப்ரவரியில் ஒரு சிறிய காரியம் செய்தோம். இந்த முயற்சியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

எங்கள் ஊர்க் கல்லூரிகளில் மாணவர் தேர்தல் அரிது. மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று லிங்டோ குழு தந்த பரிந்துரைகளை 2006-ல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்றாலும் நடைமுறையில் வகுப்புப் பிரதிநிதியை, அதாவது ரெப்பை, ஆசிரியர்தான் கை காட்டுவார். நன்றாகப் படிக்கிற பையனாக இருப்பான். மூன்று வருடம் ஒரே ஜனநாயகப் பேச்சு, வகுப்புக்குள் ஒரு தேர்தல் இல்லை. துறைத் தலைவரிடம் பேசி அந்த அரையாண்டுக்கு மட்டும் ரகசிய ஓட்டு வைத்தோம். ஷூ அட்டைப்பெட்டியில் கத்தியால் கீறிய ஓட்டை, மடித்த சீட்டு, மேசையை மறைத்து ஒரு துப்பட்டா. போட்டியிட்டவர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வேண்டும்.

முதல் மதிப்பெண்காரன் தோற்றான். ஜெயித்தவள் மூன்றாவது பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பெண். மூன்று நிமிடப் பேச்சில் அவள் சொன்னது ஒன்றுதான்: “மத்தியான லேப் நாலரைக்கு முடியுது. எங்க பக்கம் பஸ் நாலு இருபதுக்குப் போயிருது. அடுத்தது ஆறு மணிக்கு.” அவள் ஊர்ப் பக்கம் போகிற ஏழெட்டுப் பெண்கள் இருட்டின பிறகுதான் வீடு சேர்கிறார்கள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. டிப்போவுக்கு எழுதிப் பார்த்தோம், பஸ் நேரம் மாறவில்லை. அப்புறம் நாங்களே லேபை முன்னுக்கு இழுத்தோம், நாலு மணிக்கு முடிகிற மாதிரி. ஒரு வாரத்தில் முடிந்துபோன வேலை. இத்தனை நாள் அதைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 19

வெள்ளிக்கிழமை. கல்லூரிக்கு விடுமுறை. முந்தின நாளே விடுதி காலியாகிவிட்டது. நாங்கள் சொல்லி அனுப்பியது இரண்டு. காலையிலேயே போய்விடு, வெயில் ஏறிவிடும். கல்லூரி அடையாள அட்டையை நம்பிப் போகாதே. வாக்காளர் அட்டை கைக்கு வராதவர்களுக்கு ஆணையம் அனுமதித்த பட்டியலில் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பேங்க் பாஸ்புத்தகம், நூறு நாள் வேலை அட்டை எல்லாம் உண்டு, மாணவர் அட்டை இல்லை. அப்படியும் ஒருவன் கல்லூரி அட்டையோடு போய், திரும்பி இரண்டு கிலோமீட்டர் நடந்து ஆதாரை எடுத்து வந்து ஓட்டுப் போட்டான்.

எங்களிடம் முதுகலை முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த பழைய மாணவன் ஒருவன். கர்நாடகத்தில் பெங்களூருக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 26. அதனால் 19-ஆம் தேதி அங்கே வேலை நாள். வெளியூரில் ஓட்டு இருப்பவருக்கும் சம்பளத்தோடு விடுப்புத் தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 135பி பிரிவு இருக்கிறது. அது அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. மதியம் வரை வேலை பார்த்துவிட்டு, கெஞ்சி அனுமதி வாங்கி, ஓசூர் வந்து பஸ் மாறி, பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தன் ஊர்ப் பூத்துக்கு ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது வந்து வரிசையில் நின்றிருக்கிறான்.

ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடலாம். அலுவலர் டோக்கன் எழுதிக் கொடுப்பார். வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்துக்கொண்டே வருவார், பின்னால் புதிதாக யாரும் வந்து சேர்ந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. கடைசியில் நின்றவன் இவன்தான். ஆகவே 1-ஆம் எண் இவனுக்கு. துண்டுக் காகிதத்தில் கையெழுத்தோடு இருந்த அந்த 1-ஐப் பூத்தில் கொடுப்பதற்கு முன்னால் படமெடுத்து வைத்துக்கொண்டு, அன்றிரவு எனக்கு அனுப்பினான். முன்னால் நின்ற கிழவி ஒருவர், “எங்கிருந்து சாமி இப்படி ஓடியாரே?” என்று கேட்டாராம்.

ஜூன் 4-ல் முடிவு வந்தது. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த தர்மபுரியில் வெற்றி வித்தியாசம் 21,300 ஓட்டுகள். முடிவு எப்படி வந்தாலும் அந்த எண்ணை எங்கள் மாணவர்கள் அவரவர் ஊர் வாக்காளர் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

எல்லாரும் போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சனி, ஞாயிறில் கடைகளிலும் கேட்டரிங்கிலும் வேலை பார்க்கிற பையன்கள் முகாமுக்கே போகவில்லை. அவர்களை நாங்கள் விட்டுவிட்டோம். கல்யாணமான அந்தப் பெண்ணுக்குப் புகுந்த ஊரில் பெயர் ஏறியது, ஆனால் கைக்குழந்தையோடு அன்று பிறந்த வீட்டில் இருந்தாள். ஓட்டு காவேரிப்பட்டினத்தில், ஆள் அரூரில்.

“தீர்மானமா எழுதுங்க”

கிராம சபையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. பட்டியலில் பெயர் வந்ததால் கிடைத்த இன்னொரு உரிமை அது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். தனியாக யாரும் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி இவற்றோடு உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும்.

2024 ஜனவரி 26-ல், பட்டியல் வெளியான நான்காம் நாள், இரண்டு மாணவிகள் தங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போனார்கள். மரத்தடியில் தார்ப்பாய். நூறு நாள் வேலைக்கு வருகிற அம்மாக்கள்தான் கூட்டத்தில் முக்கால்வாசி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இந்தப் பெண்கள் எழவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தங்கள் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்று ஒருத்தி சொன்னாள். எங்கள் மாவட்டத்தில் அந்தத் தண்ணீரில் புளோரைடு என்பது பல் கறையைப் பார்த்தாலே தெரியும். “பார்க்கலாம்மா” என்று பதில் வந்தது. இவள் உட்காரவில்லை. “பார்க்கலாம்னு வேண்டாங்க. தீர்மானமா எழுதுங்க, நான் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்” என்றாள். எழுந்து போய்க்கொண்டிருந்த அம்மாக்களில் நாலைந்து பேர் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்களாம். எழுதினார்கள். தெருவுக்குத் தண்ணீர் வரும் நாட்கள் அதனால் கூடிவிடவில்லை. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் அதைத் திறந்து காட்டிக் கேட்க முடியும். இருபத்தொரு வயதானால் ஊராட்சி வார்டுக்கு நிற்கலாம் என்று வகுப்பில் சொன்னபோது தலையை நிமிர்த்திக் கேட்டவளும் அவள்தான்.

சேர்க்கை மேசை

பேரணியை நாங்கள் விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக 2024 ஜூனில் முதலாண்டுச் சேர்க்கை நடந்தபோது, சான்றிதழ் சரிபார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டோம். சேர்க்கைக்கு வருகிற பிள்ளையின் கையில் அன்றைக்கு எல்லாமே இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், போட்டோ, ஓ.டி.பி. வருகிற போனோடு பக்கத்தில் அப்பா அல்லது அம்மா. நவம்பரில் மாடிப்படி ஏறி இறங்கித் தேடியதெல்லாம் ஜூனில் ஒரே பைக்குள் இருக்கிறது. பழைய மாணவர்கள் இரண்டு பேர் முறை வைத்து உட்கார்ந்தார்கள். பிறந்த தேதியைப் பார்த்து எந்தத் தகுதி நாளில் பெயர் ஏறும், எந்தத் தேர்தலுக்கு ஆகும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். பிப்ரவரியில் பிறந்த அந்தப் பையன்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பா மேசைக்கு முன்னால் தயங்கி நின்றார். “இவனுக்கு இன்னும் பதினேழுதானுங்க” என்றார். பையன் 2006 செப்டம்பரில் பிறந்தவன். “அக்டோபர் ஒண்ணாம் தேதிக்கு வந்துரும்ணா, இப்பவே குடுத்து வைக்கலாம்” என்றான் எங்கள் ஆள். குடும்பத்தில் ஒருவருடைய வாக்காளர் அட்டை எண் வேண்டும் என்றதும், அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு, பீடிக் கட்டுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவில் பாலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த பழைய அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. அதை மகன் கையில் கொடுத்து, “நீயே படிச்சுச் சொல்லு” என்றார்.